குறிப்பாணையும் கூட்டக் குறிப்பும்

இந்தியாவில் தொழிலாளர் சட்டத்தையும் நிறுவன நிர்வாகச் சட்டத்தையும் ஒருசேரக் கையாளும் மூத்த வழக்கறிஞரின் திறமை, எழுத்து வரைவில்தான் முதலில் வெளிப்படுகிறது.

ஊழியருக்கு வழங்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை இதற்கு நல்ல சான்று. ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்’ என்ற பொத்தாம்பொதுவான வரி உள்விசாரணையில் நிற்காது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன செயல், எந்த விதிமீறல் என்று தனித்தனியே சொன்னால்தான் ஊழியரால் விளக்கம் தர முடியும். தண்டனையை முன்பே தீர்மானித்துவிட்ட தொனி தென்பட்டால் விசாரணையே பழுதாகலாம். ஆகவே தேர்ந்த வரைவு குற்றம் சாட்டுவதோடு நின்றுகொள்கிறது; தீர்ப்புக் கூறுவதில்லை.

இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பிலும் இதே நிதானம் தேவை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, தன் சொந்த நலன் கலந்த ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும்போது இயக்குநர் அதை வெளிப்படுத்த வேண்டும். அது பதிவான ஒரு வரி, பின்னாளில் வழக்கு வந்தால் குழுவின் நேர்மைக்குச் சாட்சியாகிறது.

அதே ஆண்டில் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் இரு துறைகளும் சந்திக்கின்றன. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைமை ஏற்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் இடம்பெறுவார். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும். குழு அமைக்கப்பட்டதை இயக்குநர் குழு தன் அறிக்கையில் தெரிவிக்கிறது. புகார்தாரரின் பெயர் வெளியே கசியாமலும், எதிர்த்தரப்பின் பதிலுரிமை குறையாமலும் இந்நடைமுறையை வகுத்துத் தருவது இத்தொழிலின் உயர்ந்த நேர்த்தி.