கபாலியின் பள்ளிக்கூடம்

பழிக்குப் பழி வாங்கும் கதை தமிழுக்குப் புதியதன்று. கள்வன் எனப் பொய்ப்பழி சுமந்து கொலையுண்ட கோவலனுக்காக மதுரை மாநகரை எரித்தவள் கண்ணகி. அக்கதையின் தொடர்ச்சியாகிய மணிமேகலையோ வேறொரு நெறியைக் காட்டுகிறது. கோவலன் மகளாகிய மணிமேகலை எவரையும் பழிவாங்கப் புறப்படவில்லை. அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்.

இவ்விரு நெறிகளுக்கும் நடுவே நின்று தடுமாறும் கதையொன்று 2016 சூலை 22-இல் திரைக்கு வந்தது. பா. இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி'யே அது. கதைக்களம் மலேசியா, கதைமாந்தர் இந்நாட்டுத் தமிழர். ஆதலின் இந்நாட்டார் அப்படத்தைக் கைதட்டிப் பார்த்ததோடு அமையாமல், எண்ணிப் பார்த்தலும் வேண்டும்.

படத்தின் கருத்து தொடக்கத்திலேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. 25 ஆண்டுகள் சிறையிருந்து விடுதலை பெறும் நேரத்தில் கபாலியின் கையில் இருப்பது கத்தியன்று, ஒரு நூல். ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா' என்னும் அந்நூல், தெலுங்கானா நாட்டின் ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்று கல்வியால் தலைமுறைதோறும் உயர்ந்த வரலாறு. ஆனால் சிறை வாயிலைக் கடந்ததும் நூல் மறைகிறது; பகை முன்னே நிற்கிறது. நூலுக்கும் துப்பாக்கிக்கும் இடையே நடக்கும் இப்போராட்டமே படத்தின் உண்மையான கதை எனலாம்.

சிறை மீண்டவன் பகைவனுடைய பொன்னையும் பணத்தையும் கொள்ளையிட்டுக் கணக்குத் தீர்ப்பது மேனாட்டுக் குற்றக் கதைகளில் பயின்று வரும் வழக்கு. கபாலியின் கணக்கு அவ்வாறு தீர்வதன்று. கோயிலில் நடந்த தாக்குதலில், சூலுற்றிருந்த மனைவி குமுதவல்லி அவன் கண்ணெதிரே சுடப்படுகிறாள். மனைவி, பிறக்கவிருந்த குழந்தை, வாழ்நாளில் 25 ஆண்டு ஆகிய மூன்றும் அவனிடமிருந்து களவாடப்பட்டவை. இவை எந்த இரும்புப் பெட்டியிலும் பூட்டி வைக்கப்படவில்லை. பூட்டை உடைத்து மீட்பதற்கும் வழியில்லை. வீரசேகரனும் டோனி லீயும் மாண்டாலும் அந்த ஆண்டுகள் மீளா.

இவ்வுண்மையை இயக்குநர் உணர்ந்திருக்கிறார் என்பதற்குப் புதுச்சேரிக் காட்சிகளே சான்று. இறந்துவிட்டாள் என்று எண்ணியிருந்த மனைவியைக் கபாலி தேடிச் சென்று காணும் அப்பகுதியில் வீரவசனம் இல்லை. முதுமையும் தயக்கமும் கண்ணீருமே உள்ளன. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மகள் யோகியோ கூலிக்குக் கொலை செய்பவளாக வளர்ந்து, தந்தையையே கொல்ல வந்தவளாக அவன்முன் நிற்கிறாள். பழியும் ஒரு பள்ளிக்கூடமே. பிள்ளைகளை அதுவும் பயிற்றுவிக்கும் என்பதற்கு அவளே எடுத்துக்காட்டு.

சிறை மீண்டவன் கதையைத் தமிழ்த் திரை முன்னரும் சொல்லியிருக்கிறது. விக்தர் ஊகோவின் நாவலைத் தழுவி 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' அவற்றுள் தலையாயது. நாகையா நடித்த அக்கதைத் தலைவன், தன்னை நம்பி அடைக்கலம் தந்தவரின் வெள்ளிப் பொருளையே திருடுகிறான். திருட்டுக்கொடுத்தவரோ அவனை மன்னித்து மனிதனாக்குகிறார். அங்கே ஒருவனை ஒரு சான்றோரின் அருள் மாற்றுகிறது. 'கபாலி'யில் அத்தகைய தனி அருளுக்கு இடமில்லை. ஒரு கூட்டத்தையே மாற்ற ஓர் அமைப்பு வேண்டும் என்கிறது படம். வழிதவறிய இளைஞர்க்காக நடத்தப்பெறும் பள்ளி கதையில் இடம்பெறுவது அதனாலேயே.

பினாங்குத் தமிழர்க்கு இச்செய்தி அயலானதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியக் குற்றவாளிகளை நாடுகடத்திய ஊர் இது. பாளையக்காரர் போரில் தோற்றவர்களுள் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802-இல் இங்கே அனுப்பப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவன். 1818-இல் முடிவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. இரகசியச் சங்கங்களுக்கும் இவ்வூர் பழையது. 1867-இல் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பத்து நாள் நடந்த கலகத்தில் சீனச் சங்கங்களுடன் வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கங்களும் இருபுறமும் அணிவகுத்தன. குண்டர் கூட்டம் ஓர் இனத்தின் பிறவிக் குணம் என்பார்க்கு இவ்வரலாறு தக்க விடையாகும்.

தோட்டத் தொழிலாளரின் கூலிப் போராட்டத்தையும் படம் நினைவூட்டுகிறது. அதற்கு மெய்யான வரலாறு உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி வேண்டும், துரைமாரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும் என்று கேட்டவர்கள், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதையும் அக்கோரிக்கைகளோடு சேர்த்தே வைத்தனர். பள்ளிக்கூடம் அவர்களுக்கு உரிமைப் போரின் ஓர் உறுப்பாகவே இருந்தது.

இங்கேதான் படத்தின் குறையும் புலப்படுகிறது. பள்ளியைக் காட்டிய இயக்குநர், அப்பள்ளி வேலை செய்வதைக் காட்டவில்லை. மாணவர் வினா எழுப்புவர்; கபாலி தன் கதையைச் சொல்வான்; அத்துடன் சரி. ஒரு முரட்டுப் பையன் எந்த நாளில், எந்தப் பாடத்தால், யாருடைய பொறுமையால் மனம் மாறினான் என்பதற்கு ஒரு காட்சியும் இல்லை. துப்பாக்கிச் சண்டைக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கரும்பலகைக்குக் கிடைத்திருந்தாலும் நலமாயிருக்கும். இவ்வகையில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த நம் நாட்டுப் படமாகிய 'ஜகாட்' ஒருபடி மேலானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய், அடியும் வசையும் பட்டு மெல்ல மெல்லக் கும்பலை நோக்கிச் சாய்வதை அது ஆரவாரமின்றிக் காட்டிற்று. கும்பலில் சேரும் வழியை 'ஜகாட்' விளக்கியது; அதிலிருந்து மீளும் வழியைக் 'கபாலி' பெயரளவில் சுட்டியது.

எனினும் 'கபாலி'யின் முடிவு அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. பகையெல்லாம் முடிந்தபின், அப்பள்ளியிற் பயின்ற டைகர் என்னும் இளைஞனே காவல்துறையின் தூண்டுதலால் கபாலியை நெருங்குகிறான். திரை இருள்கிறது, வெடியோசை மட்டும் கேட்கிறது. பகைவரை வென்றவன் தன் பள்ளியின் பிள்ளையை வென்றானா என்னும் வினா காண்பார் நெஞ்சில் நிற்கிறது. மலேசியாவில் காட்டப்பட்ட படியிலோ, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் எழுத்து இறுதியில் சேர்க்கப்பட்டது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டத்துக்குப் புறம்பானவை என அறிவித்த நாட்டில், குற்றம் தண்டனையின்றிப் போகாது என்று காட்ட விரும்புவது இயல்பே. கும்பல் தலைவனைத் தெய்வமாக்கும் படங்களால் இளைஞர் கெடுவர் என்னும் அச்சமும் பொருளற்றதன்று.

ஆயினும் அவ்வெழுத்தால் நேர்ந்த இழப்புப் பெரிது. சரணடைந்தான் என்றதும் கணக்கு முடிந்துவிடுகிறது. காண்பவர் நிம்மதியாக வீடு திரும்பலாம். டைகரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர் யார், அவனுக்குக் கற்பித்த பாடத்தில் குறைந்தது எது என்று கேட்க வேண்டிய கட்டாயம் ஒழிந்துவிடுகிறது. சட்டம் கபாலியைச் சிறையில் வைக்கலாம். டைகருக்கு என்ன செய்வது என்பதைச் சட்டம் மட்டும் சொல்ல இயலாது. மணிமேகலை சிறையின் கதவைத் திறந்ததோடு நிற்கவில்லை. அவ்விடத்தை அறம் வளர்க்கும் இடமாக்கினாள். பழிவாங்கும் படங்கள் இன்னும் பல வரும். அவற்றுள் ஒன்றேனும் அவ்வறக்கோட்டத்தின் உள்ளே சென்று, அங்கே நாள்தோறும் நடப்பதைக் காட்டுமானால், 'கபாலி' விட்ட இடத்திலிருந்து தமிழ்த்திரை ஓர் அடி முன்னேறியதாகும்.