பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி

பாஸ்கல் ப்லிசோன் என்ற பிரெஞ்சுக்காரர் 2013-ல் எடுத்த படம் ஒன்றைச் சமீபத்தில் பார்க்க நேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம். கதை என்று ஒன்றுமில்லை. நான்கு தேசத்துக் குழந்தைகள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறார்கள். கென்யாவில் ஒரு பையன் தங்கையை அழைத்துக்கொண்டு, யானைகளின் கண்ணுக்குத் தப்பி, ஓட்டமும் நடையுமாகப் போகிறான். மொராக்கோவின் அட்லஸ் மலையில் மூன்று சிறுமிகள் கால் நோக நடக்கிறார்கள். ஒருத்தியிடம் ஒரு கோழி வேறு இருக்கிறது. அர்ஜென்டைனாவில் அண்ணனும் தங்கையும் ஒரே குதிரையில் போகிறார்கள்.

நாலாவது இடம் நம்முடைய தமிழ்நாட்டுக் கடற்கரை. நடக்க முடியாத ஒரு பையன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சக்கரங்களின்மேல் பொருத்தி வண்டியாக்கியிருக்கிறார்கள். இரண்டு தம்பிகள், ஒருவன் இழுக்க ஒருவன் தள்ள, 4 கிலோமீட்டர் போகவேண்டும். மணலில் சக்கரம் புதைகிறது, தண்ணீரில் மாட்டிக்கொள்கிறது. பையன்களோ சண்டை போடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பேசுவது தமிழ், நமக்குக் கீழே ஓடும் எழுத்துக்கள் தேவையில்லை. டைரக்டர் இரக்கத்தைப் பிச்சை கேட்காமல் எடுத்திருப்பது பெரிய விஷயம். 2014-ல் பிரான்ஸின் ஸெஸார் விருது கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்துக்கொண்ட பிறகுதான் சந்தேகம் வந்தது. சக்கரம் புதைகிற இடத்தில்தானே நாம் உருகுகிறோம்? அங்கே ஒரு தார் ரோடு இருந்திருந்தால் படத்தில் பாதி போயிருக்கும்! யானைக் காட்டின் விவகாரம் வேறு. அதைச் சுலபத்தில் தீர்க்க முடியாது. 4 கிலோமீட்டர் என்பது எந்த ஓவர்ஸியரும் ஒரு தாளில் மதிப்புப் போட்டுவிடக்கூடிய சமாசாரம். அதைப் போடவேண்டியவர் யார், பணம் எங்கே போயிற்று என்று படம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. கடைசியில் குழந்தைகளை உட்காரவைத்து, என்ன ஆகப்போகிறாய் என்று மட்டும் கேட்கிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு. வாய்க்காலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணைப்பற்றி நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அங்கே ஏன் பாலம் இல்லை என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எழுதவில்லை என்பதே வாஸ்தவம்.

ஹாலந்தில் 1971-ல் மட்டும் ரஸ்தா விபத்துக்களில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊர்ப் பெற்றோர்கள் குழந்தைகளின் தைரியத்தை மெச்சிக்கொண்டிருக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள். அங்கே இன்று சிறுவர்கள் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் அதில் அந்தக் கோபத்துக்கும் பங்கு உண்டு.

நம் சர்க்கார் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. நல்ல காரியம்; அதனால் படிப்பை விடாமலிருந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள் அது ஓட இடம் கொடுத்தார்களா? சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது: போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். காகிதத்தில் இதைவிட நியாயம் எதிர்பார்க்க முடியாது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. நானும் மாலையில் உலாவியிருக்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பவர்கள் பெரும்பாலும் புடவை வாங்கப் போகிறவர்கள். என் தெருக்கோடியில் உள்ள பள்ளிக்கூட வாசலில் நடைபாதைமேல் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. குழந்தைகள் லாரி போகிற இடத்தில் நடக்கின்றன. இவர்களை வைத்து யாரும் படம் எடுக்கமாட்டார்கள். யானையும் இல்லை, குதிரையும் இல்லை.

படம் கிடைத்தால் அவசியம் பாருங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கும் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் கவுன்ஸிலர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு, நல்ல நாற்காலியாகப் போட்டு உட்காரவையுங்கள்.