வெஸ்லியின் "பொது விடுதலை": விலங்குகளின் ஆத்துமாவைக் குறித்து ஒரு மதிப்பீடு

விலங்குகளுக்கு ஆத்துமா உண்டா என்னும் வினா இறையியல் வகுப்பில் எழும்போது பெரும்பாலும் புன்னகையோடு ஒதுக்கப்படுகிறது. சபையில் அதனை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. வளர்த்த நாய் இறந்ததற்காக அழும் சிறுவன் அதனைப் போதகரிடம் கேட்கிறான். எல்லா உயிர்களும் பிறவிதோறும் உழலும் ஆன்மாக்களே எனக் கொள்ளும் அயலாரும் கேட்கின்றனர். மனிதனை மனிதனாக்குவது எது என்பதைப் பற்றி நாம் உண்மையில் நம்புவது யாது என்பது, நாம் அளிக்கும் விடையில் வெளிப்பட்டுவிடும்.

இவ்வினாவை அஞ்சாமல் எடுத்து ஆராய்ந்தவர்களுள் ஜான் வெஸ்லி குறிப்பிடத்தக்கவர். ரோமர் 8:19-22 வசனங்களை அடிப்படையாகக் கொண்டு அவர் 1781-ஆம் ஆண்டில் எழுதிய பிரசங்கம் "பொது விடுதலை" என்பது. மெதடிஸ்த மரபினர்கூட இன்று அதிகம் வாசியாத இப்பிரசங்கத்தின் வலிவையும் குறையையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பிரசங்கத்தின் போக்கு

வெஸ்லி தம் பொருளை மூன்று நிலைகளில் விளக்குகிறார். ஆதியில் விலங்குகள் எந்நிலையில் இருந்தன, இன்று எந்நிலையில் உள்ளன, இறுதியில் எந்நிலையை அடையும் என்பன அவை. ஆதியில் விலங்குகளுக்கும் ஒருவகை அறிவும் சித்தமும் சுயாதீனமும் இருந்தன என்கிறார். கடவுளின் ஆசீர்வாதங்கள் மனிதன் வழியாகவே அவற்றைச் சென்றடைந்தன. ஆகவே மனிதன் விழுந்தபோது அவ்வாய்க்கால் அடைபட்டது. விலங்குகளும் அவனோடுகூடத் துன்பத்திற்கும் மரணத்திற்கும் உட்பட்டன. முடிவில் அவையும் விடுவிக்கப்படும். அப்பொழுது அவற்றின் ஆற்றல்கள் முன்னிருந்ததைக் காட்டிலும் உயர்த்தப்படும். கடவுளை அறியும் தகுதியும் அவற்றுக்கு ஒருவேளை அருளப்படலாம் என்று வெஸ்லி எதிர்பார்க்கிறார். ஆயினும் கடவுள் மனிதனையும் விலங்கையும் சமமாக மதிக்கிறார் என்று அவர் கூறவில்லை.

2. அதன் வலிவு

பிரசங்கத்தின் பெருமையை உணர, அதன் எதிர்த்தரப்பை நினைவுகூர வேண்டும். பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில், விலங்குகளுக்குப் பகுத்தறிவு சிறிதும் இல்லை என்றும், கடிகாரம் போன்ற பொறிகளாகவே அவை இயங்குகின்றன என்றும் வாதிட்டார். இக்கருத்து அவர்தம் வழிவந்தோரிடத்தில் விலங்குகளின் வேதனையையே மறுக்கும் அளவிற்கு வளர்ந்தது. வெஸ்லி இதனை ஏற்கவில்லை. மனிதனையும் விலங்கையும் பிரிக்கும் எல்லை பகுத்தறிவு அன்று. மனிதன் கடவுளை அறிந்து அன்புகூர்ந்து கீழ்ப்படியத் தகுதியுடையவன் என்பதே அவ்வெல்லை என்று அவர் கண்டார்.

திருமறையும் இக்கருத்திற்கு இடமளிக்கிறது. ஆதியாகமம் 2:7-இல் மனிதனைக் குறிக்கும் "நெபெஷ் ஹய்யா" என்னும் எபிரெயத் தொடரே 1:24-லும் 2:19-லும் விலங்குகளைக் குறிக்கின்றது. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்போ மனிதனுக்கு "ஜீவாத்துமா" என்றும் விலங்குகளுக்கு "ஜீவஜந்து" என்றும் இருவேறு சொற்களை வழங்குகிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. மூலத்தில் இல்லாத பிளவு மொழிபெயர்ப்பிலே தோன்ற, அதனையே ஆதாரமாகக் காட்டி, "ஆத்துமா மனிதனுக்கு மட்டுமே உரியது" என்று நாம் பிரசங்கித்து வருகிறோம். எபிரெயச் சிந்தனையில் நெபெஷ் என்பது உடலுக்குள் குடியிருக்கும் அழிவற்ற ஒரு பொருளைக் குறிப்பதன்று. மூச்சும் பசியும் ஏக்கமும் உடைய முழு உயிரையும் குறிப்பதாகும். அப்பொருளில் மாடும் நெபெஷ், மனிதனும் நெபெஷ்.

3. அதன் குறை

எனினும் வெஸ்லியின் வாதத்தில் இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, விலங்குகளின் மரணம் அனைத்தையும் அவர் மனிதனின் வீழ்ச்சியோடு இணைக்கிறார். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே ஊனுண்ணும் உயிரினங்கள் வாழ்ந்து மடிந்தன என்பதைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. சங்கீதம் 104-லும் இரைக்காகக் கெர்ச்சிக்கும் சிங்கக்குட்டிகள் கடவுளிடத்திலே ஆகாரம் தேடுகின்றன. பாவத்தின் விளைவைப் பற்றிய பேச்சு அவ்விடத்தில் இல்லை.

இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. அறிவு எல்லைக்கோடு அன்று என்று தொடங்கிய வெஸ்லி, முடிவில் விலங்குகளின் மகிமையை அறிவின் உயர்வாகவே கற்பனை செய்கிறார். விலங்கு விலங்காகவே இருந்து கடவுளை மகிமைப்படுத்தலாம் என்னும் எண்ணம் அவருக்குப் போதுமானதாக இல்லை. அது மனிதனை நோக்கி ஒரு படி ஏறவேண்டியதாகிறது. சி. எஸ். லூயிஸ் 1940-இல் வெளிவந்த "வேதனையின் பிரச்சினை" என்னும் நூலில் வேறொரு வழியை நாடினார். வீட்டு விலங்கு தன் எஜமானோடு கொண்ட உறவினாலேயே ஓர் ஆளுமையைப் பெற்று, அவன் வழியாக நித்தியத்தில் பங்கடையக்கூடும் என்பது அவர் கருத்து. இங்கும் மனிதனே வாசலாகிறான்.

இவ்வளவுகோலின் பிழையை ஒரு குதிரையின் வரலாறு தெளிவாக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் "ஹான்ஸ்" என்னும் குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குகளுக்கு விடை கூறிப் புகழ்பெற்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதனைச் சோதித்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவர் தம்மையறியாமல் செய்த மிகச் சிறிய தலையசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. குதிரைக்குக் கணக்கு வராது என்று உலகம் நகைத்தது. ஆனால் ஒரு மனிதனும் கவனியாத அசைவை அது கவனித்ததே! நமது அளவுகோலில் தோற்ற அவ்வுயிர், தனக்கு அருளப்பட்ட அறிவில் நம்மை வென்றது.

4. அறிவும் மதிப்பும்

அண்மைக்கால ஆராய்ச்சிகள் நம்மை மேலும் சிந்திக்கச் செய்கின்றன. கோம்பே காட்டில் சிம்பன்சிகள் புல்தண்டைப் புற்றினுள் செலுத்திக் கறையான்களைப் பிடிப்பதை ஜேன் குடால் 1960-இல் கண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் "பெட்டி" என்னும் காகம் நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து உணவை எடுத்த செய்தி 2002-இல் வெளிவந்தது. கருவி செய்வதே மனிதனின் தனிச்சிறப்பு என்று கூறிவந்த பிரசங்கியார் இனி யாது செய்வார்? "ஐந்தறிவுப் பிராணி" என்று நாம் மேடையில் எளிதாகச் சொல்லுகிறோம். அப்பாகுபாட்டை வகுத்த தொல்காப்பிய மரபியலே விலங்குகளில் ஒருசாராரை ஆறறிவுக்கு அருகில் வைக்க இடங்கொடுப்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. மனிதனின் மேன்மையை அறிவின்மேல் கட்டினால் அவ்வீடு காகத்தால் மட்டுமன்றி, நம் சபையின் பிள்ளைகளாலும் இடிபடும். மனவளர்ச்சி குன்றிய குழந்தையும், தன் பிள்ளைகளின் பெயரையே மறந்துபோன முதியவரும் அந்த அளவுகோலில் எங்கே நிற்பார்கள்? சில சிம்பன்சிகள் செய்வதை அவர்களால் செய்ய இயலாது. அதனால் அவர்கள் கடவுளின் சாயலை இழந்தவர்களா? அவர்களுக்குத் திருவிருந்து அளிப்பதா, மறுப்பதா என்று தயங்கும் நம் தயக்கத்தில் டெக்கார்ட்டின் நிழல் விழுந்திருக்கிறது.

யோபு 39-இல் கடவுள் தீக்குருவியைப் பற்றிப் பேசும்போது, அதற்கு ஞானத்தை அளிக்கவில்லை என்று தாமே கூறுகிறார். ஆயினும் தாம் படைத்தவற்றை யோபுக்குப் பெருமிதத்தோடு காட்டும் அவ்வரிசையில் அதற்கும் இடம் தருகிறார். அப்பறவை, ஞானமின்றியே கடவுளுக்கு மகிழ்ச்சியாயிருக்கிறது. படைப்பின் மதிப்பு படைத்தவரின் பிரியத்திலிருந்து வருகிறது. மனிதனுக்குரிய சாயலும் அவ்வாறே அவரது அழைப்பினால் வருவது. அது திறமைக்குரிய பரிசன்று. அவ்வழைப்பு பிற உயிர்களைக் காக்கும் பொறுப்பையும் நம்மீது சுமத்துகிறது.

5. போதகரின் விடை

அப்படியாயின் அழும் சிறுவனுக்கு என்ன சொல்வது? நாய்க்கு அழிவற்ற ஆத்துமா உண்டென்று சொல்லத் தேவையில்லை; இயல்பாகவே அழிவற்ற ஆத்துமா நமக்கும் இல்லை. சாவாமை ஒருவராகிய கடவுளுக்கே உரியது என்று 1 தீமோத்தேயு 6:16 கற்பிக்கிறது. நமது நம்பிக்கை உயிர்த்தெழுப்புகிறவரின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு விலங்கும் எழுப்பப்படும் என்று திருமறை வாக்களிக்கவில்லை. அதை நாம் வாக்களிக்கலாகாது. ஆனால் நோவாவோடு செய்த உடன்படிக்கையில் கடவுள் எல்லா உயிர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரு குருவியையும் அவர் மறப்பதில்லை. சிருஷ்டி முழுவதும் விடுதலைக்குக் காத்திருக்கிறது. இவற்றைத் துணிந்து சொல்லலாம்.

வெஸ்லி தம் பிரசங்கத்தைப் பயனற்ற ஊகமாக நிறுத்திவிடவில்லை. எல்லா உயிர்கள்மேலும் இரக்கமுள்ள கடவுளைப் போல் நாமும் இரங்கக் கற்பதே இப்போதனையின் பயன் என்றார். அவரது படியேற்றக் கோட்பாட்டை நாம் விட்டுவிடலாம்; அவ்விரக்கத்தை விடலாகாது. பாரவண்டியில் அடிபடும் எருதுக்காகவும், ஆலயத்தின் பின்வரிசையில் ஒதுக்கி அமர்த்தப்படும் அறிவுக்குறையுள்ள பிள்ளைக்காகவும் ஒரே வாயினால் பேசும் பிரசங்கமே ரோமர் 8-ஆம் அதிகாரத்திற்குத் தகுந்த விளக்கமாகும்.