திறந்த உரிமமும் பால்வாடி நேரமும்

விலையில்லாமல் கிடைப்பதுடன், படியெடுக்கவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் முன்கூட்டியே அனுமதி தரப்பட்ட பாடப்பொருளே திறந்த கற்றல் வளம். தமிழில் சிறு குழந்தைகளுக்கு இதன் பெரிய ஊற்று, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். அங்குள்ள படக்கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டு யாரும் அவற்றை அச்சிடலாம், மாற்றலாம்.

இந்த உரிமத்தின் அருமை சென்னையின் மேற்குப் புறநகரில் நன்றாகத் தெரியும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது முதல் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் பிழைக்க வந்தவர்களால் பெருத்த ஊர்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர் பக்கமிருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புகின்றன. தமிழ் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்கு அதே படக்கதையை ஒடியாவிலும், பக்கத்தில் உட்காரும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழிலும் கொடுக்கத் திறந்த உரிமம் இடம் தருகிறது. சில நூறு குழந்தைகளுக்காக எந்தப் பதிப்பாளரும் இருமொழிப் புத்தகம் போடமாட்டார்.

இன்னொரு வசதியும் உண்டு. இக்கதைகளில் பல எழுத்துத் தமிழில் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். வாக்கியங்களைக் குழந்தை பேசும் விதமாக மாற்றி எழுத உரிமம் தடையாக இல்லை. ஆனால் மாற்றி எழுத ஆளும் நேரமும் வேண்டும். குறை தொடங்குவது இங்கேதான்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் அங்கன்வாடிகளை மக்கள் இன்றும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே டீச்சர் எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும்; 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியிலும் விவரங்களை ஏற்ற வேண்டும். கற்பித்தலுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. புளியங்கொட்டையை வைத்து எண்ணுவது, கைதட்டிப் பாடுவது போன்றவற்றுக்கு இணையமே தேவையில்லை. இவ்வளவுக்கும் நடுவில் தளத்தில் தேடி, தகுந்த கதையைத் தேர்ந்து, தரவிறக்கி, அச்சிடும் வேலையை டீச்சர் தலையில் வைத்தால் அது நடக்காது. வளம் இலவசம்தான், அதைக் குழந்தையின் கைக்குக் கொண்டுபோகும் செலவு இலவசமாகிவிடவில்லை.

அச்சிட்டாலும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான் கட்டுப்படியாகும். அதில் பழுத்த மாம்பழமும் காயும் ஒரே சாம்பல் நிறம்; நிறத்தைக் காட்டத்தான் அந்தப் பக்கமே வரையப்பட்டிருக்கும். எளிய வழியென்று கைப்பேசியில் காட்டினால் வேறு சிக்கல். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ இணைப்பை அனுப்பிவிட்டுப் பாடம் நடந்ததாகக் கணக்குக் காட்டுவது இந்த வயதுக்குப் பொருந்தாது.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கோ கதைத் தளங்கள் தருவது மிகக் குறைவு. அவர்களுக்கு வேண்டியது பேச்சுக் கொடுக்கும், பதிலுக்குச் சிரிக்கும் பெரியவர். ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்க்கு நல்ல குழந்தைக் காப்பகம் கிடைப்பது எந்தத் தரவிறக்கத்தையும்விட முக்கியம்.

நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தனியார் நர்சரிக்குப் போகும் குழந்தைகளை ஈர்க்கும் எண்ணம் அதிலிருந்தது. ஆனால் பெற்றோர் மையத்தில் நுழைந்ததும் பார்ப்பது அலமாரியை. அதில் வண்ணப் புத்தகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மையத்துக்கும் இருபது கதைகளையாவது கெட்டித் தாளில் வண்ணத்தில், தேவைப்படும் இடங்களில் ஒடியாவிலும் இந்தியிலும் சேர்த்து அச்சிட்டுத் தருவதை அங்கன்வாடிகளை நடத்தும் துறையே ஏற்க வேண்டும். உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஆகாது.