பெரும்பான்மையின் தூரிகை

'கலை' என்பது ஒரு மெனுவுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்றால் நம் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒண்ணுமில்லை. 'கிம்ப்' என்கிற படத்திருத்த மென்பொருளைத் திறந்து 'ஃபில்டர்ஸ்' பட்டியலில் இறங்கினால் 'ஆர்டிஸ்டிக்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. எண்ணெய் ஓவியம், க்யூபிசம், கேன்வாஸ், கார்ட்டூன், இம்ப்ரெஷனிசத்தை வைத்துச் சொல் விளையாடும் 'கிம்ப்ரெஷனிஸ்ட்'. புகைப்படத்தைக் கொடுத்தால் 'ஓவியம்' தயார்.

இந்த மென்பொருள் நாம் கொண்டாட வேண்டிய ஒன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்ஸர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் 1995இல் தொடங்கி, 1996இல் பொதுவில் விட்டது. க்னூ பொது உரிமத்தின்கீழ் வருவது. காசில்லாமல் கிடைக்கிறது என்பதல்ல விஷயம். மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். 'இலவசம்' அல்ல, 'விடுதலை'. உடைமையை இவ்வளவு தீவிரமாகக் கேள்விக்குட்படுத்திய ஒரு மரபு, அழகு என்று வரும்போது மட்டும் ஐரோப்பிய மியூசியத்தின் சுவரை அப்படியே மெனுவாக்கிவிட்டதே, அது ஏன்?

'ஆயிலிஃபை' என்கிற விளைவை எடுத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்துக்குள் எந்த ஒளியளவு அதிகமாக இருக்கிறதோ அதன் பக்கம் இந்தப் புள்ளியையும் இழுத்துவிடுகிறது. வட்டத்தின் ஆரத்தைக் கூட்டக்கூட வண்ணத் திட்டுகள் பெரிதாகின்றன. தூரிகைத் தீற்றல் என்று நாம் மயங்குவது வேறொன்றுமில்லை, பெரும்பான்மைக் கணக்குதான். நெற்றிச் சுருக்கம், தழும்பு, வெடித்த உதடு எல்லாம் அந்த வட்டத்துக்குள் சிறுபான்மை. முதலில் காணாமல் போவதும் அவைதான்.

இந்த ஆசை கணினி கொண்டுவந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'பிக்டோரியலிஸ்ட்' புகைப்படக்காரர்கள் கோந்தும் நிறமியும் பூசிய தாளில் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துப் புகைப்படத்தை ஓவியமாக்கப் பார்த்தார்கள். புகைப்படமும் கலைதான் என்று நிரூபிக்க ஓவியத்திடம் சாதிச் சான்றிதழ் கேட்ட கதை அது. பால் ஸ்ட்ராண்ட் 1916இல் நியூயார்க் தெருவில் பார்வையற்ற பெண் ஒருவரை எடுத்த படம் இதற்கு நேர் எதிர். மார்பில் 'பிளைண்ட்' என்று எழுதிய பலகையோடு, எந்தப் பூச்சும் இல்லாமல் நிற்கிறார். அந்தப் படத்தில் ஆயிலிஃபையைப் பெரிய ஆரத்தில் ஓட்டிப் பாருங்கள். எழுத்துகளின் கோடுகள் கரைந்து, ஒரு ஏழைப் பெண்ணின் 'அழகிய சித்திரம்' மட்டும் மிஞ்சும். அவரைத் தெருவில் நிறுத்திய சமூகம் தப்பித்துக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை. அதே பிரிவில் 'ஃபோட்டோகாப்பி' என்றும் ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்த துண்டறிக்கையின் கறுப்பு-வெள்ளைக் கரடுமுரடு நமக்குக் காசில்லாததால் வந்தது. இன்று அந்த இல்லாமையும் ஒரு 'பாணி'. வறுமையை நீக்கிவிட்டு அதன் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

2025இல் வந்த 3.0 பதிப்பில் விளைவுகள் படத்தை அழிக்காமல் மேலே நிற்கின்றன. அணைத்தால் பழைய முகம் திரும்ப வரும் என்பார்கள். வரும். ஆனால் யாருக்கு? திருத்துகிறவருக்கு. சுவரொட்டியில் பார்க்கிறவருக்குக் கிடைப்பது பூசி மெழுகிய பிரதி மட்டுந்தான்.

அப்ப இதையெல்லாம் தூக்கிப் போட்டுடணுமா? இல்லை. விலை கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளில் இந்தக் கணக்கை இப்படி நேரடியாகப் படிக்கவே விடமாட்டார்கள். இங்கே நிரல் திறந்து கிடக்கிறது. ஒரு கவிதையைக் கட்டுடைக்கிற அக்கறையோடு அதைப் படிக்க வேண்டும். சிறுபான்மைப் புள்ளியை அழிக்காமல் எடுப்பாகக் காட்டுகிற ஒரு விளைவை எழுத உரிமம் தடை சொல்லவில்லை. அதுவரை, போராட்டத்தில் செத்துப்போனவர் படத்தைச் சுவரொட்டிக்குத் தயார் செய்கிற தோழர்களிடம் ஒன்றே ஒன்று: அந்த முகத்துக்கு எண்ணெய் பூசாதீர்கள்.