போடாவா, பொடாவா? டி-ஷர்ட்டில் ஏறும் தமிழ்

2020 ஆகஸ்ட் மாதம் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி கேட்ட விவகாரம் பெரிதாயிற்று. அடுத்த மாதமே யுவன் சங்கர் ராஜாவும் ‘மெட்ரோ’ சிரிஷும் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளோடு நிற்கும் படம் வந்தது. ‘ஹிந்தி தெரியாது போடா’ என்பது ட்விட்டரில் முதலிடத்துக்குப் போனது. திருப்பூரில் ஆர்டர் குவிகிறது என்று செய்திகள் வந்தன. அந்த விமான நிலையம் எங்கள் ஆதம்பாக்கத்துக்குப் பக்கம்தான். கொஞ்ச நாளில் அந்த வாசகம் இங்கே டீக்கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த டி-ஷர்ட்டின் அரசியலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதை ஒரு அச்சு வேலையாக யாரும் விமர்சித்து நான் பார்க்கவில்லை. மொழிக்காகப் போடும் சட்டையில் அந்த மொழியின் எழுத்து எப்படி நிற்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதானே?

வாசகத்தை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மொத்தத்துக்கும் ஒரே ஒரு புள்ளி, ‘ந்’ மேல். ‘தெ’வில் ஒற்றைக்கொம்பு, ‘போ’வில் இரட்டைக்கொம்பு. இரண்டுக்கும் வித்தியாசம் மேலே இருக்கிற ஒரு சின்னச் சுழி. அந்தச் சுழி அடைந்துபோனால் ‘போடா’ என்பது ‘பொடா’ ஆகிவிடும். 2002-இல் வைகோவை உள்ளே தள்ளிய சட்டத்தின் பெயர் அது! சிரிப்பாக இருந்தாலும், தெருவில் நான் பார்த்த சட்டைகளில் பாதிக்கு மேல் அந்தச் சுழி மைக்கட்டியாகத்தான் இருந்தது. புள்ளி காணாமல்போய் ‘ஹிநதி’ ஆன சட்டைகளும் உண்டு.

பிரின்ட் போட்டவர் சரியில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். என் வாதம், தப்பு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, பாசிட்டிவ் எடுக்கும் இடத்தில் நடந்துவிடுகிறது என்பதுதான்.

ஸ்க்ரீன் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஃபிலிம் வேண்டும். மை விழ வேண்டிய இடம் ஃபிலிமில் கறுப்பாக இருக்கும். எமல்ஷன் பூசிய மெஷ்ஷில் அதை ஒட்டி வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து திறக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்குகிறது.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. புள்ளி என்பது எமல்ஷனில் ஒரு சின்னத் துளை. வெளிச்சம் கூடினாலோ, ஃபிலிமின் கறுப்பு வெளுத்திருந்தாலோ ஓரங்கள் இறுகி, துளை திறக்காமலே போகும். சுழியின் உள்வெளி இதற்கு நேர்மாறு: அது எமல்ஷனில் ஒரு குட்டித் தீவு. வெளிச்சம் குறைந்தால் கழுவும்போது அடித்துக்கொண்டு போய்விடும். புள்ளியைக் காப்பாற்றப் போனால் சுழி போகும், சுழியைக் காப்பாற்றப் போனால் புள்ளி போகும். கறுப்பு நல்ல அடர்த்தியாக இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். காசு மிச்சம் என்று ட்ரேசிங் பேப்பரில் லேசர் பிரின்ட் எடுக்கும்போது அந்த அடர்த்திதான் முதலில் பலி. சூட்டில் பேப்பர் சுருங்குவதால், இரண்டு நிறம் என்றால் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருவதும் சிரமம்.

கறுப்புச் சட்டை என்றால் இன்னொரு படி கூடும். மஞ்சள் எடுபட, அடியில் வெள்ளை போட வேண்டும். வெள்ளை ஓரத்தில் பிதுங்காமல் இருக்க, அதன் ஃபிலிமில் எழுத்தைச் சுற்றிலும் கொஞ்சம் உள்ளே இழுப்பார்கள். பக்கத்துக்கு அரைப் பாயின்ட் இழுத்தாலே 1 மில்லிமீட்டர் புள்ளியில் 0.35 மில்லிமீட்டர் காலி. வெள்ளைக்கு வழக்கமான 43 மெஷ் என்றால் இழைக்கு இழை 0.23 மில்லிமீட்டர். மிச்சமிருக்கும் புள்ளி மூன்று இழைகூடத் தாண்டாது. எழுத்து பளிச்சென்று இருக்க, புள்ளி மட்டும் அழுக்கு மஞ்சளாக மங்கிக் கிடப்பது இதனால்தான்.

டிசைனர்கள் பங்கும் குறைவில்லை. ஆங்கிலத்துக்குத் தடித்த எழுத்துரு கிடைக்கிறது. பக்கத்தில் தமிழ் மெலிந்து தெரிந்தால், அதற்கு அவுட்லைன் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். அவுட்லைன் வெளியே மட்டும் வளராது, உள்ளேயும் வளரும். சுழி ஃபிலிமுக்குப் போகும் முன்பே பாதி அடைந்தாயிற்று. பிறகு ஃபோன் திரையில் மாக்-அப் பார்த்து ‘சூப்பர் ப்ரோ’ என்று ஓகே வாங்குகிறார்கள். ஆங்கில ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி விழுந்தாலும் யாரும் தப்பாகப் படிக்கப்போவதில்லை. தமிழில் புள்ளி விழுந்தால் ஒலியே மாறுகிறது. அந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே கணக்கில் வைப்பதுதான் கோளாறு.

ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்பதால். சூழலை வைத்துப் படித்துக்கொண்டார்கள், இப்போது மட்டும் என்ன என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தடுமாற்றம் போதும் என்றுதானே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில் ஏகார ஓகாரத்துக்குக் கொம்பில் சுழி போட்டுப் பிரித்துக் காட்டினார்? கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னால் தீர்ந்த விஷயத்தை, சோம்பலால் மறுபடி கொண்டுவருவதை மரபு என்று சொல்ல முடியாது.

இப்போது டிடிஎஃப் வந்துவிட்டது, ஸ்க்ரீனே வேண்டாம் என்பது அடுத்த பதில். அதிலும் படம் ஒட்டுவதற்குப் பசைத்தூள் வேண்டும். பொடிப் புள்ளியில் தூள் சரியாகப் பிடிக்காது, நாலு துவையலில் உரிந்து போகும்.

இதற்கு மாற்று பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. எழுத்தை கர்வ் ஆக்கிய பிறகு புள்ளியைத் தனியாகப் பெரிதாக்கணும், சுழியைக் கையால் திறந்து விடணும், வெள்ளை ஃபிலிமில் புள்ளியை மட்டும் இழுக்காமல் விடணும். நிஜ அளவில் பேப்பரில் எடுத்து, பத்தடி தள்ளி நின்று படிக்கணும். அரை மணி நேர வேலை. நம் ஊர்ச் சுவர்களில் கட்சி விளம்பரம் எழுதுகிறவர்கள் இதைக் கேட்காமலே செய்கிறார்கள்; அவர்கள் வைக்கும் புள்ளி எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்கணும் என்று அவர்களுக்குத் தெரியும். நடந்துபோகிறவன் மார்பில் இருக்கும் எழுத்துக்கும் அதே நியாயம்தான்.

அடுத்த தடவை தமிழ் வாசகம் போட்ட சட்டை வாங்கும்போது வாசகம் பிடித்திருக்கிறதா என்பதோடு நிறுத்த வேண்டாம். முதலில் கொம்பைப் பாருங்கள். சுழி திறந்திருந்தால், அதைச் செய்தவர் தமிழைப் படித்துப் பார்த்திருக்கிறார் என்று நம்பி வாங்கலாம்.