சாம்பா 4.23: பூட்டாமல் உள்ளே விடாத கோப்புச் சேர்வர்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு நொத்தாரிசு அலுவலகம். நான்கு கணினிகள், ஒரு பழைய போட்டோகொப்பி மெசின், காணி உறுதிகளுக்கு ஒரு பொது ஃபோல்டர். அதைத் தாங்குவது லினக்ஸில் ஓடும் சாம்பா என்ற இலவச மென்பொருள். எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையில் அது கணினிகளோடு பேசும்.

வலையமைப்பில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கைச் சேர்வரில் ஓடவிட்டால் வயிற்றைக் கலக்கும். பாஸ்வேர்ட் மட்டுந்தான் மறைவாகப் போகிறது. யாராவது ஒரு கோப்பைத் திறந்தால் அதன் பெயரிலுள்ள காணி இலக்கம்கூட அப்படியே திரையில் ஓடுகிறது. சாம்பாவை நிறுவியபடியே விட்டால் இதுதான் நிலைமை.

மாற்ற ஒரு வரி போதும்: 'சேர்வர் எஸ்எம்பி என்கிரிப்ட்', அதாவது மறையாக்கப் பூட்டு. 'டிசயர்ட்' என்று போட்டால் முடிந்த கணினி பூட்டிக்கொண்டு வரும், முடியாதது திறந்தபடியே வரும். இது உபசாரம், கட்டுப்பாடு அல்ல. 'ரெக்வயர்ட்' என்பதுதான் கட்டுப்பாடு. உறுதி ஃபோல்டருக்கு மட்டும் அதைப் போட்டேன். விண்டோஸ் 11 கணினிகளில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளை 'பார்ஷியல், ஏஇஎஸ்-128-ஜிசிஎம்' என்று காட்டியது. மூலையிலிருந்த விண்டோஸ் 7 வெளியே நின்றது. இந்தப் பூட்டு விண்டோஸ் 8 உடன் 2012இல்தான் வந்தது, ஆகவே அதற்கு வழியே இல்லை. ஒரு கண்ணி உண்டு: பொதுப் பகுதியில் 'ஆஃப்' இருக்க, ஃபோல்டரில் 'ரெக்வயர்ட்' போட்டால் அந்த ஃபோல்டருக்குள் ஒருவரும் நுழைய முடியாது.

பெரிய தலையிடி போட்டோகொப்பி மெசின். அது எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 மட்டுமே பேசும். 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்தே சாம்பா அதைத் தானாக அனுமதிப்பதில்லை. மெசினுக்காக யாரோ குறைந்தபட்ச நெறிமுறையை 'என்டி1' (எஸ்எம்பி1) ஆக்கி வைத்திருந்தார்கள். அந்த வரியை ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போட முடியாது, முழுச் சேர்வருமே திறந்துவிடும். 2017 மேயில் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். வரியைத் தூக்கினேன். "அண்ணா, இப்ப ஸ்கேன் போகுதில்லை" என்றார் எழுதுவினைஞர். இப்போது பென் டிரைவில் ஸ்கேன் எடுக்கிறார், முணுமுணுப்போடு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ராஸ்பெரி பை 4இல் சாம்பாவைப் பூட்டோடு ஓட்ட நினைப்பவர்கள் யோசிக்கவும். அதன் சிப்பில் பூட்டுக்கான ஏஇஎஸ் கணக்குக்கென்று தனி வசதி இல்லை. பெரிய கோப்பு நகரும்போது வேகம் குறையும். பை 5இலும் அண்மைய இன்டெல் கணினிகளிலும் அந்த வசதி உண்டு.

2025 செப்டெம்பரில் வந்த 4.23இல் புதியது 'சேர்வர் எஸ்எம்பி டிரான்ஸ்போர்ட்ஸ்'. பட்டியலில் எழுதிய வழிகளில் மட்டுமே சேர்வர் காதுகொடுக்கும். 139ஆம் போர்ட்டின் பழைய நெட்பயாஸை எடுத்துவிட்டு 445ஐ மட்டும் வைத்தேன், ஒருவரும் கேட்கவில்லை. க்விக் என்ற புதிய வழியையும் சேர்க்கலாம்: டிஎல்எஸ் பூட்டோடு யுடிபி 443 வழியே போகும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரிலிருந்தும் விபிஎன் இல்லாமல் கோப்பைத் திறக்கலாம். ஆனால் சேர்வரில் லினக்ஸுக்குத் தனி க்விக் மொடியூல் ஏற்றவேண்டும், சான்றிதழும் வேண்டும். முழுநேர ஐடி ஆள் இல்லாத அலுவலகத்துக்கு அது இப்போதைக்கு வேண்டாத வேலை. மூதூருக்கு வயர்கார்ட் என்ற விபிஎன்னைப் போட்டுக் கொடுத்தேன்.